மத்திய அலையில் தூரத்து நிலையங்கள்: பகலில் தொடங்குங்கள்

ராத்திரி ரேடியோவில் மத்திய அலையை, அதாவது ஏ.எம். பட்டையைத் திருப்பினால் அரபு நாடு கேட்கும், தாய்லாந்து கேட்கும் என்று யாரோ சொல்லி, ஆசையோடு உட்காருபவர்களில் பலர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் மூன்று மொழிகள் மோதும். நடுவே விசில் சத்தம். கூடவே பக்கத்து அறை எல்.இ.டி. பல்பின் இரைச்சல். எது எந்த ஊர் என்று பிடியே கிடைக்காது. தூரத்து நிலையங்களைத் தேடிக் கேட்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு டிஎக்சிங் என்று பெயர். அதை இரவில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ஒரு வாரம் பகலில் கேட்டுவிட்டு இரவுக்குப் போங்கள் என்பதே என் கட்சி. பகலில் எது வருகிறதோ அது அக்கம்பக்கம். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், பொழுது சாய்ந்ததும் புதிதாக எது வந்தாலும் அது தூரத்துச் சரக்கு என்று உடனே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து கேட்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ரேடியோ

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டரில் ஏ.எம். வேலை செய்தால் அதுவே கற்றுக்கொள்ளப் போதும். புதிதாக வாங்குவதென்றால், அலைவரிசையை எண்ணில் காட்டும் செட்டாகப் பாருங்கள். டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 போன்றவற்றை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அதிகம் வைத்திருக்கிறார்கள். பேண்ட்விட்த்தை, அதாவது செட் ஒரே நேரத்தில் உள்ளே விடும் பட்டையின் அகலத்தைக் குறுக்கும் வசதி இருப்பது முக்கியம். பலமான உள்ளூர் நிலையத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும் நோஞ்சான் நிலையத்தை அதில்லாமல் பிரித்தெடுப்பது கடினம்.

வாங்கியதும் முதல் வேலை, ஏ.எம். படி (ஒரு தட்டலுக்கு அலைவரிசை நகரும் அளவு) 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்கக் கண்டங்களில் நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு 9. பல செட்டுகள் 10-இல் வைத்து வருகின்றன. மாற்றும் முறை மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் இருக்கும்.

இன்னொன்று. இழுத்து நீட்டும் கம்பி ஏரியலுக்கும் மத்திய அலைக்கும் சம்பந்தமில்லை. மத்திய அலையைப் பிடிப்பது செட்டுக்குள்ளே நீளவாக்கில் கிடக்கும், ஒயர் சுற்றிய ஃபெரைட் என்னும் காந்தப்பொருள் கம்பி. அதன் பக்கவாட்டு ஒரு நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி பலமாக வரும். முனை அந்த நிலையத்தைப் பார்த்தால் ஒலி அமுங்கிப்போகும். ஆகவே நீங்கள் திருப்ப வேண்டியது ஏரியலை அல்ல, செட்டையே. அமுங்கும் அந்த இடத்துக்கு 'நல்' என்று பெயர். பலமாகக் கேட்கும் திசை மழுங்கலாக இருக்கும், நல் கூர்மையாக இருக்கும். திசை கண்டுபிடிக்க உதவுவது அதுதான்.

இரைச்சலை ஒழிப்பது

செட்டுக்குச் செலவழிக்கும் காசைவிட இதற்குச் செலவழிக்கும் நேரம் பலன் தரும். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டரின் அடாப்டர், பி.எல்.டி.சி. மின்விசிறி, மாடியில் சோலார் இன்வெர்ட்டர் என்று எல்லாமே மத்திய அலையில் கரகரக்கும் வகையறா. பேட்டரியில் ஓடும் ரேடியோவைக் காலியான ஓர் அலைவரிசையில் வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு ஆளைப் பிடித்துவிடலாம். நிற்கவில்லை என்றால் தெருவிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவதுதான் வழி.

மெயினை இறக்கும்போது வீட்டு இன்வெர்ட்டரையும் சேர்த்து நிறுத்துங்கள். கரண்ட் போனதும் அது வேலையை எடுத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகக் கத்தும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் ஏரியா பெயர்களோடு வருகிறதே, அந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஊரே புழுக்கத்தில் திட்டிக்கொண்டிருக்கும். டிஎக்சருக்கு அது திருவிழா. ஏரியா முழுக்க அடங்கியிருக்கும் அந்த நண்பகலில், அன்றாடம் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் நிலையங்கள் மெல்ல எழுந்து வரும்.

கார் இருந்தால் அதுவும் நல்ல செட். கூரையில் ஏரியலும், நல்ல உணர்திறனும் உண்டு. ஈ.பி. லைன் இல்லாத பொட்டலில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சில மின்சாரக் கார்களில் ஏ.எம்.-ஐயே எடுத்துவிட்டார்கள். மோட்டாரின் இரைச்சல்தான் காரணம்.

பகல்: 120 வீடுகளைத் தட்டுவது

தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய வெளிச்சம் இருக்கும் வரை, டி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. மேலே போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். அதனால் பகலில் தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே நம்மை வந்து சேரும். இந்தத் தரையலைக்கு உப்புத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவது காய்ந்த நிலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் கடலைத் தாண்டி வரும் அலை தேய்வது குறைவு. வேதாரண்யம், ராமேஸ்வரம், யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இருப்பவர்களுக்குப் பகலிலேயே எதிர்க்கரை கேட்பது இதனால்தான். உள்நாட்டில் இருப்பவர்கள் ஒருமுறை கடற்கரைக்கு ரேடியோவோடு போய்ப் பார்க்கலாம். அலைவரிசை எண் குறையக் குறையத் தரையலை எட்டும் தூரம் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலை 11-இலிருந்து மதியம் 2 மணிக்குள் உட்காருங்கள். ஒரு நோட்டில் 531 முதல் 1602 வரை ஒன்பது ஒன்பதாக எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 120 வரிகள் வரும். ஒவ்வொன்றிலும் அரை நிமிடமாவது நில்லுங்கள், செட்டை மெதுவாக ஒரு கால்வட்டம் திருப்புங்கள். ஏதாவது முனகினால் குறியுங்கள். பலமாக இருப்பதைவிட இந்த முனகல்களே முக்கியம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில: பெங்களூரு 612, சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215, மதுரை 1269. தூத்துக்குடியின் 1053-இல் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். இலங்கையை நோக்கிய தமிழ் ஒலிபரப்பு அதில்தான். எதிர்ப்பக்கத்தில் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 882. இந்தியாவில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். எனவே இந்தப் பட்டியலில் இருப்பது எதுவும் கேட்காமல் போகலாம். பட்டியலுக்கும் காதுக்கும் சண்டை வந்தால் காது பக்கம் நில்லுங்கள்.

இந்த எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாமே ஒன்பதால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 9, 18, 27 என்றுதான் வரும். 720 என்றால் 9, 936 என்றால் 18. எங்காவது 656-இல் பாட்டுக் கேட்டால் கூட்டுங்கள்: 17. அது நிஜ நிலையம் அல்ல, செட்டுக்குள்ளே பிறந்த பேய். சாதாரணச் செட்டுகளில் இடைநிலை அலைவரிசை (பிடித்த அலையைச் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) 455 என்பதால், பலமான நிலையம் ஒன்று அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழே தள்ளியும் எட்டிப்பார்க்கும். 1566-இல் இருந்து 910-ஐக் கழித்தால் அதே 656. இரட்டிப்புப் பேய்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. 720-இன் இரட்டிப்பு 1440, அதுவும் ஒன்பதில் அடங்கிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே நிகழ்ச்சி ஓடுகிறதா என்று பார்த்துத்தான் தள்ள வேண்டும்.

பேச்சும் இல்லாமல் பாட்டும் இல்லாமல், சீராக 'ஷ்ஷ்' என்று ஒரு பட்டை நிறைந்திருந்தால், அது பெரும்பாலும் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு. ஆகாசவாணி பல ஊர்களில் அதற்கான டிரான்ஸ்மிட்டர்களை வைத்திருக்கிறது. சாதாரண ரேடியோ அதைப் படிக்காது. வீட்டு இரைச்சல் என்று நினைத்து பல்பைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது திசை. போனில் திசைகாட்டி செயலி இருக்கும். செட்டைத் திருப்பி ஒலி முற்றிலும் அமுங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அப்போது செட்டின் நீளவாக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று குறியுங்கள். அளக்கும்போது போனைச் செட்டிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியைக் குழப்பும். நிலையம் அந்தக் கோட்டில் ஏதோ ஒரு முனையில் இருக்கிறது. எந்த முனை என்று ஃபெரைட் சொல்லாது. கோழிக்கோட்டுக்கும் போர்ட் பிளேயருக்கும் ஒதுக்கப்பட்டது ஒரே 684. கடலூரிலிருந்து பார்த்தால் ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே, ஏறக்குறைய ஒரே கோடு. ஒன்றை அமுக்கப் போனால் மற்றதும் சேர்ந்து அமுங்கும். திசை வேலையைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இரவில் மேலிருந்து இறங்கும் அலைக்கு நல் மழுங்கிவிடும்.

அந்தி

சூரியன் இறங்கியதும் டி அடுக்கு கலைந்துபோகிறது. அதுவரை விழுங்கப்பட்ட அலைகள் இன்னும் மேலே ஏறி, அங்கிருக்கும் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான, சிலநேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. இது ஒரே அடியாக நடப்பதில்லை. இருட்டு கிழக்கிலிருந்து வருகிறது. பாங்காக்கில் பொழுது நமக்கு ஏறத்தாழ 80 நிமிடம் முன்பே சாய்ந்துவிடும். ஆகவே நம் வானம் வெளுப்பாக இருக்கும்போதே கிழக்குத் திசை திறக்கும். மேற்கே வளைகுடாப் பக்கம் அலை பலமாக வர, அங்கேயும் இருட்ட வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். விடியலில் இதே வரிசை மறுபடி நடக்கும். கிழக்கு முதலில் தேய்ந்துபோக, மேற்கு கடைசி வரை நிற்கும்.

எனவே சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு உட்கார்ந்து, பகல் பட்டியலில் காலியாக இருந்த வரிகளை மட்டும் சுற்றிச் சுற்றி வாருங்கள். முதலில் பேச்சு கேட்காது. வெறும் விசில், அல்லது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் ஓர் அதிர்வு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மயிரிழை வித்தியாசத்தில் இருப்பதன் அடையாளம் அது. பத்து நிமிடம் கழித்து அதே இடத்துக்கு வந்து பாருங்கள்.

இரவு

ஆகாசவாணியின் பெரும்பாலான நிலையங்கள் இரவு 11 மணியை ஒட்டி விடைபெறும். காலை 6 மணிக்குச் சற்று முன்னால் மறுபடி வரும். நடுவில் இருக்கும் ஏழு மணி நேரம்தான் வயல். திருச்சியோ மதுரையோ அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வேறு யாரோ பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே கேட்கக்கூடிய பெரிய ஆட்களும் உண்டு. ராஜ்கோட்டின் 1071, கொல்கத்தா அருகே சின்சுராவின் 594, டாக்காவின் 693 எல்லாம் 1000 கிலோவாட் ரகமாகக் கட்டப்பட்டவை.

ஆள் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. மொழி தெரியாவிட்டாலும் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். இந்தியாவும் இலங்கையும் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பவை. பாகிஸ்தான், வங்கதேசம், தாய்லாந்து, சீனா, வளைகுடா நாடுகள் முழு மணிக் கணக்கில் இருப்பவை. அவர்களுக்கு மணி அடித்தால் நம் கடிகாரத்தில் அரை காட்டும். இரவு 10.30-க்கு 'பீப் பீப்' என்று மணி ஒலித்துச் செய்தி தொடங்கினால் அது நம் ஊரும் அல்ல, இலங்கையும் அல்ல. சரியாக 11-க்கு ஒலித்தால் நம்மோடு சேர்த்து மியான்மர், ஈரான், ஆப்கானிஸ்தானையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள், அவையும் அரை மணிக் கணக்குக்காரர்கள். நேபாளத்துக்கு மணி அடிப்பது நம் முக்காலில். நிலையத்தின் பெயர் சொல்வதும் பெரும்பாலும் இந்த மணி ஓசைக்கு முன்னும் பின்னும்தான். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று அந்த நான்கு நிமிடங்களில் டயலைத் திருப்பாதீர்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாங்கு ஒலியும் நல்ல துப்பு. மேற்கே போகப் போக அது தள்ளிப்போகும். ஆனால் செய்தி அறிக்கையை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். ஒரே தமிழ்ச் செய்தியைப் பல நிலையங்கள் அஞ்சல் செய்வது ஆகாசவாணியின் நெடுநாள் வழக்கம். மூன்று இடங்களில் ஒரே குரல் கேட்டால், செய்தி முடிந்ததும் வரும் உள்ளூர் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

தூக்கத்தை விட முடியாதவர்களுக்கு விடியற்காலை. 5.45 மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், 1930-களில் வால்டர் காஃப்மன் அமைத்த அந்த ஆகாசவாணி முகப்பு இசை அலைவரிசை அலைவரிசையாக எழும்புவதைக் கேட்கலாம். பின்னாலேயே வந்தே மாதரம், தொடக்க அறிவிப்பு. அறிவிப்பில் ஊர்ப் பெயரும் கிலோஹெர்ட்ஸும் வரும். வெளிச்சம் பரவும் வரை தூரத்து நிலையங்களும் உயிரோடு இருக்கும் என்பதால் ஆந்திரா, கர்நாடகா, ஒடிசா நிலையங்களைச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மாதத்தைப் பொறுத்தவரை மார்கழி, தை, மாசி. கோடை இடியும் ஐப்பசி அடைமழையும் இருக்கும் நாட்களில் மின்னல் ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் வெடிக்கும். இடி கேட்டால் மொட்டைமாடியை விட்டு இறங்கிவிடுங்கள், நிலையம் நாளைக்கும் இருக்கும்.

ஒரு லூப்

செட்டின் ஃபெரைட் சின்னது. அதற்குத் துணையாக ஒரு லூப், அதாவது ஒயர் சுற்றிய வளைய ஏரியல் கட்டினால் வித்தியாசம் காதில் அறையும். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம் அல்லது பி.வி.சி. குழாய்ச் சட்டம். அதன்மேல் சாதாரண ஒயரைப் பத்துப் பன்னிரண்டு சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டர் விட்டு. 30 மீட்டர் ஒயர் போதும். இரண்டு முனைகளையும் ஒரு கேங் கண்டென்சரில் (குமிழைத் திருப்பி அளவை மாற்றும் மின்தேக்கி) இணைத்தால் முடிந்தது. கேங் பழைய வால்வு ரேடியோவிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கிடைக்கும். கரண்டும் வேண்டாம், செட்டுக்கு ஒயர் இணைப்பும் வேண்டாம்.

செட்டை லூப்புக்குப் பக்கத்தில், அதன் நீளவாக்கு சட்டத்துக்குக் குறுக்காக இருக்கும்படி வைத்து, முனகும் நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேங்கைத் திருப்புங்கள். ஓர் இடத்தில் ஒலி சட்டென்று எகிறும். பட்டையின் கீழ்க்கோடியில், 600-க்குக் கீழே எகிறவில்லை என்றால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள். மேல்கோடியில் எகிறவில்லை என்றால் ஒரு சுற்றுக் குறையுங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீளமான ஒயரை மாடியிலிருந்து தென்னைக்கு இழுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். நகரத்தில் அது நிலையத்தைவிட இரைச்சலைத்தான் அதிகம் அள்ளி வரும். ஈ.பி. ஒயருக்கு மேலேயோ கீழேயோ அதைக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் 10 கிலோஹெர்ட்ஸ் படிக்கு மாறிக்கொள்ளுங்கள், ஒன்பது கணக்கை மறந்துவிடுங்கள். அங்கே உச்சவரம்பு 50 கிலோவாட். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். 650, பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. 1020 போன்றவை இரவில் பல மாநிலங்கள் தாண்டி வரும். சில சிறு நிலையங்களுக்குப் பகலில் மட்டுமே அனுமதி, வேறு பல பொழுது சாய்ந்ததும் சக்தியைக் குறைக்க வேண்டும். சூரியன் மறையும் நிமிடத்தில் ஒரு நிலையம் பேச்சின் நடுவிலேயே பலம் இழந்தால் உங்கள் செட்டில் கோளாறு இல்லை.

நோட்டும் வண்ண அட்டையும்

நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட விவரம், தரம். நேரத்தை உலக நேரத்தில் எழுதிப் பழகுங்கள், இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் போதும். நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும்: 5-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்பது உலக நேரத்தில் 4-ஆம் தேதி 20.30. தரத்துக்கு சின்போ குறியீடு: ஒலியின் பலம், பிற நிலையத் தொந்தரவு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 5 நல்லது. எல்லாவற்றுக்கும் 5 போடுகிற தாராளம் வேண்டாம், உங்கள் அறிக்கையைப் படிக்கும் நிலையப் பொறியாளருக்கு அதனால் பயனில்லை.

அடையாளம் சந்தேகமாக இருந்தால் இணையத்தில் மத்திய அலை நிலையங்களைத் தொகுத்து வைத்திருக்கும் எம்.டபிள்யூ.லிஸ்ட் பட்டியலில் அலைவரிசையைத் தட்டிப் பாருங்கள். அந்த நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிவி எஸ்.டி.ஆர். ரிசீவர் (இணையம் வழியே யாரும் இயக்கிக் கேட்கக்கூடிய ரேடியோ) ஒன்றைத் திறந்து, அதே நேரத்தில் அதே பாட்டு ஓடுகிறதா என்று ஒப்பிடலாம். ஒப்பிட மட்டும்தான் அது. அதில் கேட்டதை உங்கள் கணக்கில் எழுதினால் சக டிஎக்சர்கள் சிரிப்பார்கள்.

உறுதியானதும் நிலையத்துக்கு எழுதுங்கள். குறைந்தது இருபது நிமிட நிகழ்ச்சியை நேரம் போட்டு விவரியுங்கள். 'பாட்டு, பேச்சு' என்று எழுதினால் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. 'பெண் அறிவிப்பாளர், புல்லாங்குழல் தனி, பிறகு உர விளம்பரம்' என்றால் முடியும். செட்டின் பெயர், ஏரியல், கேட்ட ஊர் ஆகியவற்றையும் சேருங்கள். பதிவு செய்த ஒலித் துண்டு இருந்தால் இணையுங்கள். விவரம் பொருந்தினால், நீங்கள் கேட்டதை நிலையம் உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். வரும், நம்மவர்கள் வண்ண அட்டை என்று அழைப்பது அதைத்தான். ஆகாசவாணி நிலையங்களுக்கான அறிக்கைகளை டெல்லித் தலைமையகத்தின் ஸ்பெக்ட்ரம் மேலாண்மைப் பிரிவு சரிபார்த்து அனுப்புவது வழக்கம். வெளிநாட்டு நிலையம் என்றால் மின்னஞ்சலில் அனுப்பி, இரண்டு மூன்று மாதம் பொறுத்து, பதில் இல்லாவிட்டால் மரியாதையாக இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.